மதுரைத் திட்டம்: கும்பகருணன் வதைப் படலத்தை முன்வைத்து ஒரு மதிப்புரை

தமிழ் இலக்கியத்தை இணையத்தில் இலவசமாகத் தரும் ஒரு சேவையை மதிப்பிடுவோர், அதில் எத்தனை நூல்கள் உள்ளன, எழுத்துரு கண்ணுக்கு உகந்ததா, தேடுவது எளிதா என்று வரிசையாகப் பார்த்துச் செல்வது வழக்கம். மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்தை, எல்லோரும் சுருக்கமாக மதுரைத் திட்டம் என்று சொல்வதை, நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மதிப்பிட விரும்புகிறேன். ஒரு காப்பியத்தின் கதைமாந்தன் அறத்துக்கும் நன்றிக்கும் நடுவே நின்று ஒரு முடிவை எடுக்கிறான். அந்த முடிவை வாசகர் பிறர் சொல்லும் தீர்ப்புக்குக் காத்திராமல் தாமே எடைபோட்டுப் பார்க்க இந்தச் சேவை எந்த அளவுக்கு இடம் தருகிறது என்பதே அந்தக் கேள்வி. அதற்கு நான் எடுத்துக்கொண்டது கம்பராமாயணத்தின் யுத்த காண்டத்தில் வரும் கும்பகருணன் வதைப் படலம்.

இந்தப் படலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கும்பகருணன் என்றதும் தமிழர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவை இரண்டு: தூக்கம், செஞ்சோற்றுக் கடன். முதலாவது, விடிந்து வெகுநேரமாகியும் எழாத பிள்ளையை வைவதற்குப் பயன்படுகிறது. இரண்டாவது பள்ளித் தேர்வுக்கும் பட்டிமண்டபத்துக்கும் பயன்படுகிறது. 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிய பிறகு கம்பன் விழாக்கள் பல ஊர்களுக்கும் பரவின. அந்த மேடைகளில் கும்பகருணனையும் வீடணனையும் எதிரெதிரே நிறுத்தி வழக்காடுவது நாளடைவில் ஒரு மரபாகவே ஆகிவிட்டது. கேட்பதற்கு இனிமையான மரபுதான். அதனால் கம்பனிடம் வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் வழக்குமன்றம் என்றால் முடிவில் ஒருவன் வென்றாக வேண்டும், மற்றவன் தோற்றாக வேண்டும். கம்பனின் பாடல்களில் இந்த இருவரில் எவனும் மற்றவனைத் தோற்கடிக்க முயல்வதில்லை. மேற்கோளாக வழங்கும் இரண்டு மூன்று பாடல்களோடு நின்றுவிடுபவருக்கு இது தெரியவராது. படலத்தை முழுமையாகவும், அதற்கு முந்தைய சில படலங்களைச் சேர்த்தும் படிப்பவருக்கே தெரியவரும். முழுமையான மூலம் எளிதில் கைக்கு எட்டுகிறதா என்பது ஆகவே சிறிய கேள்வி அன்று.

சேவையின் அடிப்படைச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளை ஒட்டித் தொடங்கப்பட்ட இத்திட்டம் வணிக நோக்கம் இல்லாதது. தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்து வருவது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் இதை ஒருங்கிணைத்து நடத்தி வர, பல நாடுகளில் உள்ள தமிழர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் அளித்திருக்கிறார்கள். தொடக்க காலத்தில் திஸ்கி என்ற குறியேற்றத்தில் வெளிவந்த கோப்புகள் பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன; அதனால் இன்று எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தனி எழுத்துரு எதையும் நிறுவாமலேயே அவற்றைத் திறக்க முடிகிறது. சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை ஐந்நூறுக்கும் மேற்பட்ட படைப்புகள் இங்கே உள்ளன. கட்டணம் இல்லை, பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை, விளம்பரம் குறுக்கிடுவதும் இல்லை. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் அதைத் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் நன்றியுடன் குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தலைப்புப் பகுதியைச் சிதைக்காமல் வைத்திருந்தால் கோப்பை யாருக்கும் பகிரலாம் என்ற அனுமதியும் அதிலேயே இருக்கும்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட கம்பராமாயணம் இங்கே காண்டம் காண்டமாகக் கிடைக்கிறது. மிக நீண்டதாகிய யுத்த காண்டம் மேலும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மூலம் மட்டும்தான், உரை கிடையாது. இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனால் நான் எடுத்துக்கொண்ட கேள்வியைப் பொறுத்தவரை இந்த உரையின்மைதான் இச்சேவையின் முதல் நன்மை என்று கருதுகிறேன். அதை விளக்கப் படலத்துக்குள் போக வேண்டும்.

முதல் நாள் போரில் எல்லாவற்றையும் இழந்து, ‘இன்று போய்ப் போர்க்கு நாளை வா’ என்று பகைவனாலேயே உயிர் விடப்பட்டு, வீரத்தையும் களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு இராவணன் இலங்கைக்குள் நுழைகிறான். வானமும் மண்ணும் பகைவரும் சிரிப்பார்கள் என்பதற்காக அவன் நாணவில்லை. சானகி சிரிப்பாளே என்றுதான் நாணுகிறான். அந்த நிலையில்தான் தம்பியை எழுப்பச் சொல்கிறான். எழுப்பும் பாடல்களின் சந்தம் பலருக்கு மனப்பாடம். ‘உறங்குகின்ற கும்பகன்ன’ என்று தொடங்கும் பாட்டை ஒருமுறை கேட்டவர்கள் மறப்பதில்லை. ஆனால் எழுந்து வந்தவன் போர்ச் செய்தியை அறிந்ததும் அண்ணனிடம் கேட்கும் கேள்வியை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. போர் வந்துவிட்டதா என்று கேட்ட அதே மூச்சில், ‘சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ’ என்று கேட்கிறான். இலங்கையின் நிலையைப் பற்றியோ தன் மக்களின் இழப்பைப் பற்றியோ கேட்பதற்கு முன்பே, சிறைப்பட்ட பெண்ணின் துயரம் இன்னும் தீரவில்லையா என்ற கேள்வி அவன் வாயிலிருந்து வருகிறது.

அடுத்து அவன் சொல்லும் அறிவுரையில் மழுப்பல் எதுவும் இல்லை. ‘தையலை விட்டு, அவன் சரணம் தாழ்ந்து’, ஐயத்துக்கு இடமில்லாத தம்பியாகிய வீடணனோடு மீண்டும் கலந்து பழகுவதே பிழைக்கும் வழி என்கிறான். போரில் தோற்று அவமானத்தில் குமைந்துகொண்டிருக்கும் அரசனிடம், அவனுக்கு இருக்கும் கடைசித் துணை சொல்லக்கூடிய சொற்களில் இதைவிடக் கசப்பானது இருக்க முடியாது. இராவணனின் மறுமொழியும் அதற்கு ஏற்றதே. இரண்டு மானிடரை வணங்கி, கூனுடைக் குரங்கையும் கும்பிட்டு உயிர் பிழைப்பது உனக்கும் உன் தம்பிக்கும் உரிய தொழில். என்னால் அது முடியாது, எழுந்து போ என்கிறான்.

இந்த இடத்தில் படிப்பை நிறுத்திவிட்டு, அதே யுத்த காண்டத்தின் தொடக்கப் பகுதியைத் திறந்து இராவணன் மந்திரப் படலத்துக்குப் போகும்படி பரிந்துரைக்கிறேன். அங்கே கும்பகருணன் பேசியதையும் இங்கே பேசுவதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அதுவரை கேட்ட எந்தச் சொற்பொழிவிலும் எனக்குக் கிடைக்காத ஒரு செய்தி கிடைக்கிறது. மந்திரப் படலத்தில் அவன் அண்ணனைக் கடுமையாக இடித்துரைக்கிறான். பிறன் மனைவியைச் சிறையில் அடைத்துவிட்டு மாசற்ற புகழையும் விரும்புகிறோம், ‘பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம் கொற்றம்’ என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு எள்ளுகிறான். இவ்வளவும் சொன்ன பிறகு, இனி அவளை விட்டுவிட்டால் நாம் எளியவர்கள் ஆகிவிடுவோம், போரில் மடிந்தாலும் அது நல்லதே, பழி ஆகாது என்று முடிக்கிறான். அதாவது அவையில், தீமை என்று தெரிந்த ஒன்றை மானத்தின் பெயரால் தொடரலாம் என்றவன் அவன்தான். விழித்தெழுந்த பிறகு அந்த நிலையிலிருந்து விலகி, மானத்தை விட்டுவிட்டு அவளை அனுப்பிவிடு என்கிறான்.

இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் கும்பகருணனின் துணிவைப் பற்றிப் பேசுவது பயனற்றது என்பது என் எண்ணம். தொடக்கம் முதல் ஒரே கருத்தில் ஊன்றி நின்ற மாவீரன் என்றே மேடைகள் அவனைக் காட்டுகின்றன. கம்பன் காட்டுபவன் தன் கருத்தைத் திருத்திக்கொண்டவன். திருத்திக்கொண்ட கருத்தை, கேட்கவே விரும்பாத அண்ணனின் முகத்துக்கு நேரே சொன்னவன். மந்திரப் படலமும் கும்பகருணன் வதைப் படலமும் அச்சுப் பதிப்புகளில் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் தள்ளி, சில நேரங்களில் வேறு வேறு தொகுதிகளில் இருக்கும். மின்னூலில் இரண்டையும் இரண்டு சாளரங்களில் திறந்து வைத்துக்கொள்ள முடிவது, இப்படிப்பட்ட வாசிப்புக்கு உண்மையிலேயே பெரிய வசதி.

அறிவுரை பலிக்கவில்லை. கும்பகருணன் மன்னிப்புக் கேட்கிறான், சூலத்தை எடுக்கிறான், விடைபெறுகிறான். விடைபெறும் பாடல்களை மெதுவாகப் படிக்க வேண்டும். வென்று வருவேன் என்று சொல்லமாட்டேன்; விதி என் பிடரியைப் பிடித்து உந்துகிறது; நான் இறப்பேன்; ‘பொன்றினால்’, அந்தப் பெண்ணை விட்டுவிடு, அதுவே நல்லது என்கிறான். உயிரைக் கொடுக்கப் போகும் நேரத்திலும் தன் வாதத்தை அவன் விடவில்லை. தன் சாவையே அண்ணனுக்குச் சொல்லும் கடைசி அறிவுரையாக ஆக்கிவிட்டுப் போகிறான். இந்த நாள் வரை நான் செய்த குற்றங்கள் இருந்தால் பொறுத்துக்கொள், இனி ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பது இல்லை என்று அவன் சொல்லிவிட்டுப் போவதைச் செஞ்சோற்றுக் கடன் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட என்னால் இயலவில்லை. உண்ட சோற்றுக்காகப் போரிடுபவன் போரிட்டால் போதும்; இப்படி வாதாட வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை.

படலத்தின் நடுப்பகுதியாகிய சகோதரர் சந்திப்பு, அதாவது கும்பகருணனும் இராமனிடம் அடைக்கலம் புகுந்துவிட்ட வீடணனும் களத்தில் சந்திப்பது, வால்மீகியின் காப்பியத்தில் இந்த விரிவில் இல்லாதது. கம்பன் தன் கற்பனையின் முழு வலிமையையும் இங்கே இறக்கியிருக்கிறான். சந்திப்பு எப்படி ஏற்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. கும்பகருணன் யார் என்று இராமன் கேட்க, வீடணன் சொல்கிறான். தீமையை எதிர்த்துப் பேசியவன் என்பதையும் சொல்கிறான். அதைக் கேட்ட சுக்கிரீவன், இவனைக் கொல்வதால் பயனில்லை, முடிந்தால் நம்மோடு சேர்த்துக்கொள்வோம் என்கிறான். ஆக, அழைப்பின் தொடக்கம் ஒரு போர்க்கணக்கு. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போகும் வீடணன் அதை அன்பாக மாற்றிவிடுகிறான். இராமன் எனக்குத் தந்த இலங்கையும் அரசும் அனைத்தையும் உனக்குத் தருகிறேன், உன் ஏவலைக் கேட்டு நிற்கிறேன் என்கிறான். தீமை செய்பவர்கள் தாய் தந்தையர் ஆனாலும் அறம் பார்ப்பவர்கள் அந்த உறவைப் பார்ப்பார்களா, தூய்மையானதைத் துணிந்து செய்யும்போது பழி வந்து தொடருமா என்று கேட்கிறான்.

கும்பகருணனின் விடையில் ஒரு பாடல் எல்லோருக்கும் தெரிந்தது. ‘நீர்க்கோல வாழ்வை நச்சி’, என்னை நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்பது அது. செஞ்சோற்றுக் கடன் பற்றிய பேச்சுகள் அனைத்துக்கும் ஊற்று இதுவே. ஆனால் அதே பாடலின் பின்பாதியில் அவன் தம்பியைப் பார்த்து, என் துயரத்தைத் தீர்க்க விரும்பினால் நீ விரைந்து இராமனிடமே போய்ச் சேர் என்கிறான். அடுத்த பாடல் இன்னும் தெளிவானது: நீ அறத்தைப் பூண்டவன், உலகம் உள்ளளவும் இருப்பவன், ‘உனக்கு அது தக்கதேயால்’, இழிந்த சாவை அடைவது எனக்குப் புகழ். தான் எடுத்த முடிவைத் தம்பிக்கு விதியாக்க அவன் மறுக்கிறான். தன் அறம் தனக்கு, தம்பியின் அறம் தம்பிக்கு என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு, சாவை எதிர்கொள்ளும் வீரத்தைவிட அரிதானது என்று நினைக்கிறேன். வீரர்கள் நிரம்பிய காப்பியம் இது. தன் வழியில் வராத உடன்பிறப்பை வாழ்த்தி அனுப்பும் வீரன் இதில் எத்தனை பேர்?

என்னிடம் உள்ள ஓர் அச்சுத் தொகுப்பு, மாணவர்களுக்காகத் தேர்ந்தெடுத்த பாடல்களைக் கொண்டது; அதில் நீர்க்கோல வாழ்வுப் பாடல் இருக்கிறது, அதை அடுத்து வரும் இந்தப் பாடல் இல்லை. பாடலுக்குக் கீழே உள்ள குறிப்பு கும்பகருணனை நன்றியறிதலின் எடுத்துக்காட்டாகக் காட்டி முடித்துவிடுகிறது. ஒரு பாடல் விடுபட்டதில் ஒரு கதைமாந்தனின் பாதி போய்விட்டது. தேர்ந்தெடுத்துத் தருபவர்கள் தீய எண்ணத்தோடு அப்படிச் செய்வதில்லை. பக்கம் போதாது, பாடத்திட்டம் அனுமதிக்காது. மதுரைத் திட்டத்தில் அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அங்கே எவரும் எதையும் தேர்ந்தெடுத்துத் தருவதில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட படலம் முழுவதும், போர் வருணனைகளின் நீளத்தோடும் சலிப்போடும் சேர்த்தே, உங்கள் முன் கிடக்கும்.

அந்தப் போர் வருணனைகளும் தேவைதான். கும்பகருணனைப் போற்றுபவர்கள் அவன் களத்தில் செய்ததை விரைந்து தாண்டிவிடுகிறார்கள். தவறான பக்கம் என்று தானே ஒப்புக்கொண்ட ஒன்றுக்காக, தனக்கு எந்தத் தீங்கும் செய்யாத வானரர்களை அவன் கொன்று குவிக்கிறான். கம்பன் அதை மறைக்கவில்லை. திருத்த முடிந்தால் திருத்தலாம், முடியாதபோது மற்றவர்களுக்கு முன்னதாகச் சாவதே ‘உண்டவர்க்கு உரியது’ என்று அவன் சொல்லும் நியாயம் அழகானது. ஆனால் சாவதற்கு முன் கொல்லவும் வேண்டியிருக்கிறதே என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. சானகியின் துயரத்தைப் பற்றிக் கேட்டவன் அவளை விடுவிக்க எதையும் செய்யவில்லை என்பதும் உண்மை. என்னைக் கேட்டால் வீடணனின் முடிவே கடினமானது என்பேன். அண்ணனை அவையில் எதிர்த்துப் பேசி, விரட்டப்பட்டு, தன்னை நம்புவார்களா என்று தெரியாத பகைவரின் பாசறை வாயிலில் போய் நின்றவன் அவன். அவனை ஏற்கலாமா என்று அங்கே பெரிய விவாதமே நடக்கிறது. அனுமனின் சொல்லுக்குப் பிறகே அடைக்கலம் கிடைக்கிறது. கும்பகருணனுக்கு ஒரே நாளில் சாவும் புகழும் கிடைத்துவிட்டன. வீடணனோ இன்று வரை நம் அரசியல் மேடைகளில் காட்டிக்கொடுத்தவன் என்பதற்கு மறுபெயராகவே இருக்கிறான். பழியோடு வாழ்வதற்கும் துணிவு வேண்டும். எனினும் இது என் தீர்ப்பு. மூலத்தைப் படிப்பவர் வேறு தீர்ப்புக்கு வரலாம், வருவதற்கான சான்றுகளும் பாடல்களிலேயே உள்ளன.

படலத்தின் முடிவில் உறுப்புகளை இழந்து நிற்கும் கும்பகருணன் இராமனிடம் இரண்டு வேண்டுதல்களை வைக்கிறான். மூக்கிழந்த முகத்தைப் பிறர் காணாதபடி என் தலையைக் கடலில் போக்கிவிடு என்பது ஒன்று. அதற்கு முன்னதாக அவன் கேட்பது தம்பிக்காக. நீதியால் வந்த அறநெறியைத் தவிரச் சாதியால் வந்த சிறுநெறியை அறியாதவன் என் தம்பி. இராவணன் கண்டால் தம்பி என்று இரங்காமல் கொன்றுவிடுவான். உன்னையும் உன் தம்பியையும் அனுமனையும் விட்டு அவன் ஒருபொழுதும் பிரியாதபடி அருள்வாய் என்கிறான். எந்த அண்ணனுக்காக உயிரைக் கொடுத்தானோ அந்த அண்ணனின் இயல்பைப் பற்றி அவனுக்கு எந்த மயக்கமும் இல்லை என்பது இந்தப் பாடலில் வெளிப்படுகிறது. கண்ணை மூடிக்கொண்ட விசுவாசம் என்று இனி எப்படிச் சொல்வது?

இனி, உரை இல்லாத குறையைப் பற்றி. பழகாத வாசகருக்குக் கம்பனின் போர்ப்பாடல்கள் கடினமானவை. உரையாடல் பாடல்கள் அவ்வளவு கடினம் அல்ல. சகோதரர் சந்திப்பில் வரும் பாடல்களில் பெரும்பகுதி, உயர்நிலைப் பள்ளித் தமிழ் படித்தவருக்கு இரண்டாம் வாசிப்பில் திறந்துகொள்ளும். தடுக்கும் சொற்களுக்கு, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கும் மேல் உதவி வேண்டுமென்றால், தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உரையோடு கூடிய கம்பராமாயணம் உள்ளது. என் பரிந்துரை, முதல் வாசிப்பை மதுரைத் திட்டத்தின் வெறும் மூலத்திலும், இரண்டாம் வாசிப்பை உரையோடும் வைத்துக்கொள்வது. உரையாசிரியர்கள் சொற்பொருள் சொல்வதோடு நிற்பதில்லை. நன்றி பெரிதா அறம் பெரிதா என்று ஒரு பக்கம் சாய்ந்தும் விடுகிறார்கள். அவர்களுடைய கல்விக்கு அது உரிமைதான். ஆனால் அந்தச் சாய்வை முதலில் வாங்கிக்கொண்ட வாசகர், தம் சொந்தத் தடுமாற்றத்தை இழந்துவிடுகிறார். இந்தப் படலம் வாசகரைத் தடுமாற வைப்பதற்காகவே எழுதப்பட்டது.

கைப்பேசியில் படிப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. வலைப்பக்க வடிவத்தில் பாடலின் நீண்ட அடிகள் குறுகிய திரையில் மடிந்துபோவதால் நான்கு அடிகள் ஏழெட்டு வரிகளாகத் தெரியும். எதுகை கண்ணில் படாது. கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் இது பெரிதும் சரியாகும். பிடிஎஃப் வடிவத்தில் அடிகள் சிதைவதில்லை, ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தை நகர்த்திக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும். கணினியில் வலைப்பக்க வடிவமே சிறந்தது, முக்கியமாகச் சொல் தேடுவதற்கு. ‘எம்பி’ என்றோ ‘தம்பி’ என்றோ தேடி, அந்தச் சொல்லை யார் யாரை நோக்கி எந்தப் பாடலில் சொல்கிறார்கள் என்று தொடர்ந்து பார்த்தாலே, உறவும் அறமும் மோதும் இடங்களின் வரைபடம் ஒன்று கிடைத்துவிடும். தட்டச்சு செய்த நூல்களில் பிழைகள் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. கட்டுரைக்கோ தேர்வுக்கோ மேற்கோள் எடுப்பவர்கள் ஒரு நல்ல அச்சுப் பதிப்போடு ஒப்பிட்ட பிறகே எடுப்பது நல்லது.

இதே முறையில் படிக்கத்தக்க வேறு கதைமாந்தர்களும் இந்த மின்தொகுப்பில் இருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று தன் பிழையை உணர்ந்த கணத்திலேயே உயிர்விடும் பாண்டியன் நெடுஞ்செழியன் அவர்களில் முதன்மையானவன். அவனுக்கு நேரம் கொடுக்கப்படவில்லை; உணர்வதும் இறப்பதும் ஒன்றாகவே நிகழ்கின்றன. கும்பகருணனுக்கோ உணர்ந்த பிறகும் ஒரு நீண்ட நாள் மிச்சம் இருந்தது. ஆராய்ந்து பாராமல் ஆணையிட்டவன் பாண்டியன்; எல்லாவற்றையும் ஆராய்ந்து அறிந்த பிறகும் களத்துக்குப் போனவன் கும்பகருணன். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் இரண்டுமே புதிதாகத் தோன்றும்.

யாருக்கு இந்தச் சேவை பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். கதையை மட்டும் அறிய விரும்புபவர்களுக்கு உரைநடைச் சுருக்கங்களே போதும். செய்யுளை முதன்முறையாகத் தொடுபவர்கள் ஆசிரியர் ஒருவரோடு தொடங்குவது நல்லது; வெறும் மூலம் அவர்களை அச்சுறுத்தக்கூடும். பள்ளியில் படித்த செய்யுள்களின் ஓசை இன்னும் காதில் இருக்கிறது, ஆனால் பல ஆண்டுகளாகப் புத்தகத்தைத் திறக்கவில்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியாது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விலையில்லாமல் ஒரு கூட்டம் இதைச் செய்துவருகிறது என்பதற்காகச் சலுகை மதிப்பெண் எதையும் நான் கொடுக்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அது விடை தந்திருக்கிறது.

படலத்தை முடித்தவர்கள் யுத்த காண்டத்தின் பிற்பகுதியையும் திறந்து, நிகும்பலையில் இந்திரசித்து தன் சிற்றப்பனாகிய வீடணனைப் பழிப்பதையும், அதற்கு அவன் சொல்லும் மறுமொழியையும் படிக்க வேண்டும். பின்னர் இராவணன் வீழ்ந்து கிடக்கும்போது, அவனைத் துறந்து வந்த அதே வீடணன் மேலே விழுந்து அழுது, உண்டாலன்றி உயிரை உண்ணாது நஞ்சு, சனகி என்னும் பெருநஞ்சோ கண்ணால் நோக்கியதற்கே உன் உயிரைப் போக்கிவிட்டதே என்று புலம்பும் பாடலுக்குப் போக வேண்டும். கும்பகருணனின் முடிவை எடைபோட்ட தராசில் வீடணனின் முடிவை வைப்பதற்கு உரிய பாடல்கள் அவை.